பத்து நிமிஷ வேலை

ஜனவரி 3, வெள்ளி

சாயப்பட்டறைக்காரர் வருஷம் தவறாமல் ஒரு டைரி கொடுக்கிறார். இதுவரை அதில் கடைச் சமாச்சாரம்தான் எழுதியிருக்கிறேன். இந்த வருஷ டைரி காருக்கு.

நேற்று மத்தியானம் சோறு போடும்போது இவரிடம் கேட்டேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி. தறிக்குப் போவதை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து காரைத் துடைப்பதுதான் உத்தியோகம்.

"ஏனுங்க, இந்தக் கார் நமக்குக் கட்டுபடியாகுதுங்களா?"

"அது நம்மூட்டுல ஒரு ஆள் மாதிரி சம்பூர்ணம்."

"ஆளுன்னா சம்பாதிச்சுக் குடுக்கோணும். இது திங்கத்தானே செய்யுது?"

"அப்படிப் பார்த்தா நானுந்தான்."

"உங்களுக்கு வருசா வருசம் இன்சூரன்ஸ் கட்டறதில்லீங்க. அதுக்குக் கட்டறேன்."

ரசத்தை ஊற்றச் சொன்னார்.

நான் உள்பாவாடை மொத்த வியாபாரம் செய்கிறவள். ஒரு பாவாடைக்கு ஆறு ரூபாய் லாபம் நிற்கும். பவானி, அந்தியூர் என்று பஸ்ஸில் மூட்டை தூக்கிப்போய் வீடு வீடாக விற்ற காலத்திலிருந்து எந்தச் செலவையும் ஆறால் வகுத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பழக்கம். ரூபாயாகச் சொன்னால் உறைக்காது, பாவாடையாகச் சொன்னால் உறைக்கும். இந்த வண்டி பெட்ரோலும் இன்சூரன்சும் ரிப்பேருமாக மாதம் ஆயிரத்து ஐந்நூறு பாவாடைக்கு மேல் தின்றால் பங்குனியோடு விற்றுவிடுவது. முடிவு செய்துவிட்டேன். இவரிடமும் சொல்லிவிட்டேன். இவர் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஜனவரி 7, செவ்வாய்

ஜவுளிச் சந்தை நாள். நிற்க நேரமில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரிய மாமா போன். இவருடைய அண்ணன் நாச்சிமுத்து. தை பிறந்ததும் அவர் மச்சினன் மகனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டுமாம். நம் வண்டிதான் வேண்டுமாம்.

எங்கள் வண்டி ராசியான வண்டி என்று உறவில் பேர் வாங்கிவிட்டது. இதில் ஏறிப் பெண் பார்க்கப் போனால் முடிந்துவிடும். இதுவரை பதினொன்று முடிந்திருக்கிறது. ஒன்றுகூடத் தட்டிப்போகவில்லை. ராசிக்கு வாடகை கேட்க முடியாது. பெட்ரோல் முள் கடைசிக் கோட்டில் படுத்துக்கொண்டுதான் வண்டி வீடு வந்து சேரும்.

ஜனவரி 18, சனி

போனார்கள். முடிந்துவிட்டது. பன்னிரண்டு.

பின் சீட்டில் பஜ்ஜி எண்ணெய், கைப்பிடியில் சந்தனம். பெட்ரோல் முள் வழக்கம்போல. "ராசின்னா ராசி சம்பூர்ணம், போன உடனே சரின்னுட்டாங்க" என்று மாமா வாயெல்லாம் பல்லாக இறங்கினார்.

பன்னிரண்டு தடவையும் வண்டியை ஓட்டிப் போனவன் என் மகன் நவநீதன். வருகிற ஆவணியில் முப்பத்து நாலு முடிகிறது. அவனுக்காக நாங்கள் இதே வண்டியில் பதினேழு வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தாயிற்று. ராசி வண்டி மற்றவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்கிறது. பெண் வீட்டார் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மாப்பிள்ளை கடையிலயேதான் இருக்காருங்களா?" கம்ப்யூட்டர் கம்பெனியில் அடுத்தவனுக்குக் கைகட்டி நின்றால் மாப்பிள்ளை, சொந்தக் கடையில் உட்கார்ந்தால் ஆகாது. பாவாடை என்றதும் சிரிப்பு வேறு. இவர்கள் வீட்டில் யாரும் கட்டுவதில்லை போல.

ஜனவரி 21, செவ்வாய்

"சர்வீஸ் டைம் வந்திருச்சுங்மா, கம்பெனில இருந்து போன் பண்ணுனாங்க" என்று நவநீ வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பெருந்துறை ரோட்டில் இருக்கிறது அந்த சர்வீஸ் சென்டர். காலை ஒன்பது மணிக்குப் போனவன் சாயந்திரம் ஐந்துக்கு வந்தான். சந்தை நாளில் மகன் கடையில் இல்லை. கேட்டால், "பக்கத்துல இருந்து பார்த்தாத்தானுங் ஒழுங்கா வேலை செய்வாங்க."

பில் 8,742. ஆயிரத்து நானூற்று ஐம்பத்தேழு பாவாடை.

ஆயில், ஃபில்டர் சரி. 'உட்புற நுரைச் சலவை' என்று ஒன்று, 'ஏசி துவாரச் சுத்திகரிப்பு' என்று ஒன்று. "துவாரத்தை உங்கொப்பன் பல்துலக்கற பிரஷ்ஷுல சுத்தம் பண்ணுவாரே?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். வழக்கமாகப் பில்லைக் காட்டும்போது முகம் சுண்டிப்போகும். இன்று விசில்.

ஜனவரி 24, வெள்ளி

வண்டிச் செலவு இல்லை. நல்ல நாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பதினெட்டாவது வீடு. காங்கயம் பக்கம். தரகர் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த இடம்.

கேசரி நன்றாக இருந்தது. மற்றது நன்றாக இல்லை. பெண்ணின் அப்பா விரலை மடக்கி மடக்கி, தோட்டம் எத்தனை ஏக்கர், கிணறு எத்தனை அடி, கடை வாடகைக் கட்டடமா சொந்தமா என்று கேட்டார். சொந்தம் என்றேன். "பாவாடை மட்டுந்தானுங்களா, சுடிதார் எல்லாம் போடறதில்லீங்களா?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் என் காலை மிதித்தார்.

நவநீதான் ஆச்சரியம். பதினேழு தடவையும் திரும்பும்போது ஊமையாக வண்டி ஓட்டுகிறவன், இன்று ரெண்டு கேசரி சாப்பிட்டுவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். ஊத்துக்குளி தாண்டியதும் வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்றான். எனக்குக் கேட்கவில்லை. இவருக்கும் கேட்கவில்லை. "எனக்குக் கேக்குதுங்மா. செவ்வாக்கெழமை காட்டிட்டு வந்தர்றேன்."

"செவ்வாக்கெழம சந்தை. வேற நாள் போ."

"அப்ப நாளைக்கே போறனுங்."

பிப்ரவரி 3, திங்கள்

சத்தத்துக்கு 3,150. வீல் அலைன்மென்ட், பாலன்சிங். ஐந்நூற்று இருபத்தைந்து பாவாடை. நாலு மணி நேரம் ஆனதாம்.

சத்தம் நின்றுவிட்டதா என்றேன். "எந்தச் சத்தமுங்?" என்றான்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று பாலிஷ். ஏதோ பூச்சு பூசினால் பெயின்ட் மங்காதாம். 4,200. எழுநூறு பாவாடை.

வெளியே நின்று பார்த்தேன். வண்டி பளபளவென்றுதான் இருக்கிறது. ஒன்பது வருஷமாக இவர் துடைத்துத் துடைத்து ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது. இருபத்தோரு நாளில் மூன்று பில், 16,092 ரூபாய். என் பிள்ளை ஏமாளி, வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன், எவனோ அவன் தலையில் மிளகாய் அரைக்கிறான். எனக்கு அதுதான் தோன்றியது.

இவரிடம் சொன்னேன். "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டினார். சிரிப்பை அடக்கினாற்போல இருந்தது. பல்லில் ஏதாவது மாட்டியிருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

நவநீ திருப்பூருக்கு வசூலுக்குப் போன நேரம், அவனிடம் சொல்லாமல் காரை இவரை ஓட்டச் சொல்லி, மூன்று பில்லையும் எடுத்துக்கொண்டு நானே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். இவர் உள்ளே வரமாட்டேன் என்று வண்டியோடு நின்றுகொண்டார்.

கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா, இலவசக் காப்பி மிஷின். காப்பி இலவசம் என்றால் காசை வேறெங்கோ எடுக்கிறார்கள் என்று அர்த்தம். மேசையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண். இருபத்தெட்டு, இருபத்தொன்பது இருக்கும். கழுத்து அட்டையில் கலைமதி. விரல் நகத்தில் கிரீஸ். மேசை உத்தியோகம் பார்ப்பவள் விரலில் கிரீஸ் இருந்தால் கொஞ்சம் மரியாதை வரத்தான் செய்கிறது. காட்டிக்கொள்ளவில்லை.

பில்லை விரித்து வைத்தேன். "ஏம்மா, ஒரே மாசத்துல மூணு தடவை பில் போட்டிருக்கறீங்களே, இது காரா இல்ல கறவை மாடா?"

அவள் பில்லைப் பார்த்தாள். வண்டி நம்பரைப் பார்த்தாள். எழுந்து நின்றுவிட்டாள்.

"நவநீதன் சாரோட அம்மாங்களா? உக்காருங்கம்மா. காப்பி சொல்லட்டுங்களா?"

"காப்பி கெடக்கட்டும். இந்த நுரைச் சலவை எதுக்கு?"

"தேவையில்லீங்கம்மா."

நான் சண்டைக்குப் பத்து வாக்கியம் தயார் செய்து கொண்டு போயிருந்தேன். அத்தனையும் வீணாகப் போயிற்று.

"பின்ன ஏன் போட்டீங்க?"

"நான் வேண்டாம்னுதாஞ் சொன்னேன். பாருங்க, எழுதியே வெச்சிருக்கறேன்." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். மூன்று வேலைக்கும் கீழே குறிப்பு: 'அவசியமில்லை என்று சொல்லப்பட்டது. வாடிக்கையாளர் வற்புறுத்தலின்பேரில் செய்யப்பட்டது.'

"வீல் அலைன்மென்டுமா?"

"வீல் நேராத்தானுங்க இருந்துது. எத்தனை நேரம் ஆகும்னு கேட்டாருங்க. ரெண்டு மணி நேரம்னேன். அப்பப் பண்ணிருங்கன்னாரு."

"அப்ப இந்த வண்டில எதைத்தான் மாத்தோணும்?"

"பேட்டரிங்க. டெஸ்ட் பண்ணிப் பார்த்ததுல ரொம்ப வீக்கா இருக்குது. அது போயிருச்சுன்னா வண்டி நடுரோட்டுல நின்னுக்கும். மூணு தடவையும் சொல்லிட்டேன், அதை மட்டும் சார் மாத்தவே மாட்டேங்கறாரு."

"ஏனாமா?"

அவள் பில்லை அடுக்கி என் கையில் கொடுத்தாள். "பேட்டரி பத்து நிமிச வேலைங்கம்மா" என்றாள். சொல்லிவிட்டு ஏனோ கீழே பார்த்துக்கொண்டாள்.

பேட்டரி என்ன விலை என்றேன். 5,400 என்றாள். தொள்ளாயிரம் பாவாடை. எனக்குப் புரிந்துவிட்டது. கெட்டிக்காரி. முதலில் அது வேண்டாம் இது வேண்டாம் என்று நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டு, கடைசியில் தன் சரக்கை எடுத்து வைக்கிறாள். நானும் இப்படித்தான் விற்பேன். மட்டமான துணியை நானே மட்டம் என்று சொல்லிவிட்டு, நல்லதில் நாலு கட்டு தள்ளிவிடுவேன். "பேட்டரி இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயந்திரம் நவநீயிடம், "உன்ற வற்புறுத்தலின்பேரில்னு எழுதி வெச்சிருக்கறா பாரு அந்தப் புள்ள" என்றேன். காது வரை சிவந்துபோய்ச் சாப்பிடாமல் எழுந்துவிட்டான். ஏமாந்துபோன வெட்கம்.

பிப்ரவரி 14, வெள்ளி

வண்டிச் செலவு இல்லை. நவநீ பைக்கில் எங்கோ போனான். புதுச் சட்டை.

பிப்ரவரி 17, திங்கள்

ஒரு யோசனை. கடையில் கணக்குப் பார்க்க நம்பகமான ஆள் இல்லை. அந்தக் கலைமதியைக் கூப்பிட்டுக்கொண்டால் என்ன? விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்று எழுதி வைக்கிற ஆளை முப்பத்தாறு வருஷ வியாபாரத்தில் நான் பார்த்ததில்லை. பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"அங்க என்னம்மா குடுக்கறாங்க? பதினெட்டு? நான் இருபத்திரண்டு தர்றேன். தீபாவளிக்குப் போனஸ். எங்க கடைக்கு வந்துரு."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா, நீங்க நவநீதன் சாருகிட்டப் பேசிட்டுத்தான் கேக்கறீங்களா?"

"அவனை என்ன கேக்கறது? மொதலாளி நாந்தான்."

"இல்லீங்கம்மா…" பெரிதாக மூச்சு விட்டாள். "நான் உங்க கடைக்கு வர்றதைப் பத்தி ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்குதுங்க. ஆனா அது சம்பளத்துக்கு இல்லீங்க."

போனை வைத்துவிட்டேன்.

நூறு கட்டு நடுவில் ஒரு கட்டில் ஒரு பாவாடை குறைந்தால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன் நான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சந்தை. நல்ல வியாபாரம். வேறு எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மூன்று நாளாக நான் நவநீயிடம் பேசவில்லை. இன்று காலை இவர் கார் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"உங்களுக்கு எப்பருந்து தெரியும்?"

"ஐப்பசில இருந்து."

"அஞ்சு மாசமா ஏஞ் சொல்லலை?"

"சொன்னா நீ ஆறால வகுத்துப் பார்ப்பே சம்பூர்ணம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை மட்டும் வெளியே விட்டேன். அவள் வீட்டார் நம் ஆட்கள் இல்லை. அப்பா அர்த்தநாரி, சங்ககிரியில் லாரி டிரைவராக இருந்து இப்போது சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்திருக்கிறார். அம்மா இல்லை. பெண்ணே டிப்ளமா படித்து, ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்து மேசைக்கு வந்திருக்கிறாள்.

ஒறம்பரை, சொந்தபந்தம் என்ன சொல்லும் என்றுதான் எனக்கும் முதலில் வந்தது. இல்லை என்று எழுதினால் பொய். இந்த ஒறம்பரைதான் பதினெட்டு வீட்டுக்கு என்னை நடக்க விட்டது என்பது ரெண்டாவதாக வந்தது. நான் பஸ்ஸில் மூட்டையோடு போன காலத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கியவர்களெல்லாம் வேற்று ஆட்கள். கடன் சொன்னவர்கள் சொந்தக்காரர்கள். இது மூன்றாவதாக வந்தது.

"பேசிட்டிருக்கறயே, உம்பட முடிவு என்ன?" என்றார்.

"அவ அந்த நுரைச் சலவையைத் தடுத்திருந்தான்னா இன்னும் நல்லாருக்கும்."

இவர் துணியை உதறிவிட்டுச் சிரித்தார். நவநீ ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கடைக்கு வந்ததும் என் மேசைமேல் டீ வைத்தான். முதல் தடவையாகச் சர்க்கரை சரியாக இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அர்த்தநாரி ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். பெரியவர்களோடு முறையாக வீட்டுக்கு வந்து பெண் கேட்க வேண்டும். அவர்களாக ஓடிப்போய்த் தாலி கட்டிக்கொண்டார்கள் என்று நாளைக்கு யாரும் தன் மகளைப் பேசக் கூடாது. நியாயம். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். பெரியவர் என்றால் மாமா வர வேண்டும். மாமா வராவிட்டால் அர்த்தநாரி சம்மதிக்க மாட்டார், அவர் சம்மதம் இல்லாமல் அவள் வரமாட்டாள்.

மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அரை மணி நேரம் குதித்தார். முன்னோர்கள், குலக் கூட்டம், கோயில் வரி எல்லாம் வந்தது. கடைசியில் ஒரு வழி சொன்னார்.

"சரி, நான் வர்றேன். ஆனா அந்த வண்டிலதான் போறது. பன்னெண்டு தடவை பொய் சொல்லாத வண்டி. போறப்பவோ வர்றப்பவோ எதாச்சும் தடங்கலாச்சுன்னா சகுனம் சரியில்லைன்னு அத்தோட உட்டுப்போடோணும். நீயும் வாயைத் தொறக்கப்படாது, அவனும் தொறக்கப்படாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஒரு மாதத்தில் பதினாறாயிரம் தின்ற வண்டி எப்படித் தடங்கலாகும்?

மாமா போனதும் நவநீ, "பேட்டரியை மாத்திரலாங்மா" என்றான்.

"இத்தனை நாள் மாத்தாதவன் இப்ப என்னடா? மருமகளா வர்றதுக்கு முந்தியே அவ சொன்னதுக்கெல்லாம் ஆடுனா, வந்தப்பறம் எம் பொழப்பு என்னாகறது? அது ஓடும்."

மார்ச் 9, ஞாயிறு

இதை உட்கார்ந்து விவரமாக எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். நவநீ ஓட்ட, பக்கத்தில் மாமா. பின்னால் நான், இவர், மாமாவின் சம்சாரம் பெரியக்கா. பட்டு வேட்டி, பட்டுச் சேலை, தட்டில் பழம், பூ. வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போயிற்று. பன்னிரண்டு தடவை மற்றவர்களுக்காக ஓட்டியவன் இன்று தனக்காக ஓட்டினான். பள்ளிபாளையம் பாலத்தில் வரும்போது அவன் கண்ணாடியில் தலைமுடியை மூன்றாம் தடவையாகச் சரிசெய்வதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

சங்ககிரியில் சின்ன வீடு, சுத்தமான வீடு. வாசலில் கோலம். அர்த்தநாரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்றார். நாங்கள் இறங்கினோம். மாமா இறங்கவில்லை.

"மூட்டு புடிச்சுக்கிச்சு. நீங்க முன்னால போங்க. சாவி இருக்கட்டும், காத்துப் போட்டுக்கறேன்."

மூட்டு இல்லை, முறுக்கு. எல்லோருக்கும் தெரிந்தது, அர்த்தநாரிக்கும் தெரிந்தது. அவர் முகம் சின்னதாகிப் போயிற்று. உள்ளே போய் உட்கார்ந்தோம். பேச்சு ஓடவில்லை. வாசலில் கார் ரேடியோவில் பழைய பாட்டு சத்தமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம். கடைசியில் அர்த்தநாரியே எழுந்து வெளியே போய், கார் ஜன்னலில் குனிந்து, "பெரியவங்க நீங்க வந்தாத்தானுங்க எம் புள்ளைக்கு மரியாதை" என்றார். அந்த மனுஷன் குனிந்தது எனக்கு என்னவோ செய்தது. மாமாவுக்கும் செய்திருக்க வேண்டும். இறங்கி வந்தார்.

அப்புறம் நன்றாகத்தான் போயிற்று. கலைமதி மாம்பழக் கலரில் சேலை கட்டி, காப்பி கொண்டுவந்தாள். நகத்தில் கிரீஸ் இல்லை. பெரியக்கா பூ வைத்துவிட்டாள். முடிவை ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று மாமா கெத்தாகச் சொல்லி எழுந்தார். எல்லோரும் வந்து வண்டியில் உட்கார்ந்தோம். நவநீ சாவியைத் திருப்பினான்.

டிக் டிக் டிக்.

மறுபடி திருப்பினான். டிக். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

அவன் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான். வாசலில் அர்த்தநாரி மகளைப் பார்த்தார். தெருவில் நாலு வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா மெதுவாகப் பின்னால் திரும்பினார்.

"பாத்தயா சம்பூர்ணம்? நாஞ் சொன்னனா? அவ்வளவுதான். பேச்சு முடிஞ்சுது."

வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வியாபாரத்தில் கொடுத்த வாக்கை நான் மீறினதில்லை. இது வியாபாரம் இல்லை.

"மாமா, ராசி வண்டி பொய் சொல்லாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"ஆமா."

"அந்த வண்டி இந்த ஊட்டு வாசலை உட்டுக் கெளம்பவே மாட்டேங்குது. பன்னெண்டு ஊட்டுல எந்த ஊட்டுலயாச்சும் இப்படிப் பண்ணுச்சுங்களா? இதைவிட வேற சகுனம் எங்கீங்க கெடைக்கும்?"

மாமா பதில் யோசிப்பதற்குள் கலைமதி வந்துவிட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நவநீயை இறங்கச் சொல்லிவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். மாமா இன்னும் பக்கத்துச் சீட்டில்தான் இருக்கிறார். நான் அவள் பின்னாலேயே இருந்ததால் எல்லாம் பார்த்தேன்.

ஏசிக் காற்றுத் திருகு கடைசி எண்ணில் இருந்தது. ரேடியோ சத்தம் முக்காலுக்கு மேல். முக்கால் மணி நேரம் இன்ஜின் ஓடாமல் இரண்டும் ஓடியிருக்கின்றன. அவள் ஒரு கணம் பார்த்தாள். மாமாவையும் பார்த்தாள். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருகை அணைத்தாள், ரேடியோவை அணைத்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. பேட்டரிக்கு வயசாயிருச்சு. மத்தபடி வண்டில ஒரு கொறையும் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் விலை 5,400.

"தள்ளுனா ஸ்டார்ட் ஆகிக்குங்க. எல்லாரும் கொஞ்சம் எறங்கறீங்களா?"

முதலில் இறங்கியது மாமா. மூட்டு எங்கே போயிற்றோ தெரியவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிக்கியில் கை வைத்தார். ஒரு பக்கம் அர்த்தநாரி, ஒரு பக்கம் நவநீ, இவர். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். பெரியக்கா அவர்கள் வீட்டில் கொடுத்த தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க, தள்ளுங்க" என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தள்ள, பெண் ஸ்டியரிங்கில்.

"இன்னும் வேகமாங்க பெரிய மாமா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பெரிய மாமா. அவரும் கவனித்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் அவர் தள்ளியதுதான் தள்ளு.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி உறுமிற்று. தெருவே கைதட்டியது. அவள் தெருக்கோடி பிள்ளையாரைச் சுற்றித் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தி, "ஊரு போற வரைக்கும் இன்ஜினை அணைச்சுப்போடாதீங்க" என்று நவநீயிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். நவநீ அவளைப் பார்த்ததை நான் எழுதப்போவதில்லை. அது வண்டிச் செலவு இல்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தக்கூட முடியவில்லை. பள்ளிபாளையம் பாலம் ஏறும்போது மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"புள்ளைக்கு எதைச் சொல்லோணும், எதைச் சொல்லப்படாதுன்னு தெரிஞ்சிருக்குது."

"ஆமாங்க மாமா."

"பங்குனி உத்திரம் கழிச்சு ஒரு நல்ல நாள் பாரு."

பதின்மூன்று.

மார்ச் 10, திங்கள்

காலையில் வண்டி கிளம்பவில்லை. நவநீ தள்ள, இவர் ஓட்டிக் கிளப்பினார். நான் பின்னால் உட்கார்ந்து சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வழியில் நவநீயைக் கடையில் இறக்கிவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். பத்து நிமிஷ வேலைக்கு அவன் எதற்கு?

நீலச் சட்டை, கழுத்து அட்டை, நகத்தில் கிரீஸ். நேற்றைய பெண்தானா என்று சந்தேகமே வந்தது. பேட்டரியைப் போட்டுவிட்டுப் பில்லை நீட்டினாள். கீழே குறிப்பு இருந்தது: 'அவசியம் என்று சொல்லப்பட்டது. வாடிக்கையாளர் இருபத்தைந்து நாள் யோசித்தார்.'

"ஏம்மா, இதைக் கம்பெனில பார்த்தா என்ன நெனைப்பாங்க?"

"உண்மைதானுங்களே."

"சரி, கழிவு எவ்வளவு?"

"கழிவெல்லாம் வெளி ஆளுங்களுக்குத்தானுங்க அத்தை."

இவ்வளவு நாள் அம்மா, அம்மா என்று கூப்பிட்டவள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

பேட்டரி, 5,400. முழுசாகக் கட்டினேன். வண்டியை விற்கப்போவதில்லை என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

ஆறால் வகுக்கவில்லை.